பாப்பா ஜாயின்ட்

காரியம் முடிந்த மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தனப்பிரியா அப்பாவின் பட்டறை ஷட்டரைத் தூக்கினாள். பாதி உயரத்தில் அது நின்றுகொண்டது. இடது ஓரத்தில் முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் மேலே போகும். கொடுத்தாள். போயிற்று.

உள்ளே அப்புசாமியின் வெள்ளைக் கார் போனட்டைத் திறந்துகொண்டு நின்றது. பதினேழு நாளாக அதே நிலை. போனட்டைத் தாங்கும் கம்பியில் அப்பா செல்லமுத்துவின் துண்டு கிடந்தது. பேட்டரியின் எர்த் முனையை மல்டிமீட்டரின் கறுப்புக் கிளிப் கவ்வியிருந்தது. சிவப்பு ஒயர் இன்ஜினுக்குப் பின்னால் இறங்கிப் போயிருந்தது. பழைய மீட்டர், தானாக அணையாது. அணைக்க யாருக்கும் தோன்றவுமில்லை. செல் தீர்ந்து அதன் திரை வெளுத்துக் கிடந்தது.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து ரோட்டைத் தாண்டிப் போன செல்லமுத்து திரும்பவில்லை. டீக்கடைப் பெஞ்சில் டம்ளர் கையில் இருக்கும்போதே பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்தார். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அறுபத்தொரு வயது.

புதன்சந்தைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களில் செல்லமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. பதினாறு வயதில் நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் ஒயரிங் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருடம் லாரிக்கு ஒயர் இழுத்தார். பிறகு நாலு வழிச்சாலை வந்தது, கோழிப்பண்ணைக்காரர்கள் கார் வாங்க ஆரம்பித்தார்கள், அவரும் தனியாகக் கார் எலெக்ட்ரிக்கல் பட்டறை போட்டார். இன்ஜின் வேலைக்கு வேல்முருகன் கூட்டு. ஒரே ஷெட், இரண்டு மேஜை. வேல்முருகன் வாய் ஓயாத ஆள். செல்லமுத்து ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு டீ ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். கோளாறு பிடிபடாத நாளில் மட்டும், கரண்டுக்கு வழி தெரியும், நமக்குத்தான் தெரிவதில்லை என்பார். அதையும் வண்டியைப் பார்த்துத்தான் சொல்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், அது எரிந்துபோன பல்பாக இருந்தாலும், செய்தித்தாளில் பொட்டலம் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுப்பார். இதுதான் கோளாறு, இந்த இடத்தில் பாருங்கள் என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டவர்கள் உண்டு. குப்பையில் போடுங்கள் என்றவர்களும் உண்டு. அவர் விவாதத்துக்குப் போகமாட்டார். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்துவிடுவார். கழற்றிய சாமானைக் காட்டாதவன் கோளாறைக் கண்டுபிடிக்காதவன் என்பது அவர் கணக்கு.

நேற்றுக் காரியத்துக்கு அப்புசாமி வந்திருந்தார். ராசிபுரம் போகும் வழியில் நாற்பதாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரர். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தனப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சேலத்தில் கம்பெனியிலேயே விட்டுப் பார்த்துக்கொள்கிறாராம். மூன்று தடவை சென்சார் மாற்றியும் விளக்கு எரிகிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, குறையாக எண்ணாமல்தான் சொன்னார்.

"பாவம், கடைசி காலத்துல அவருக்குக் கை நிதானம் இல்லீங்க அம்மிணி."

அவள் ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கேட்டாள். இரண்டு நாள். திங்கட்கிழமை அவள் ஓசூரில் டூட்டிக்குப் போயாக வேண்டும். ஒரு பெரிய தொழிற்சாலையில் அளவுக்கருவிப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். வெப்பம், அழுத்தம், வாயு எல்லாவற்றையும் அளக்கும் சென்சார்களை அளந்து பார்ப்பதுதான் அவள் வேலை. அப்பாவின் கை தப்பவில்லை என்று ஒரு மீட்டரை வைத்து நிரூபிக்க முடியாவிட்டால் இந்தப் படிப்பு எதற்கு என்று இருந்தது அவளுக்கு. அப்புசாமி தலையாட்டிவிட்டுப் போனார். அம்மா சௌந்திரம் மட்டும், வண்டி போனால் போகட்டும், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை என்றாள்.

எட்டு மணிக்கு வேல்முருகன் வந்தார். அவள் மீட்டருக்குப் புதுச் செல் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு தானாகவே ஆரம்பித்தார். அப்புசாமி மூன்றாவது தடவை வண்டியைக் கொண்டுவந்தபோது டீக்கடையில் வைத்து, பத்துப் பேர் நடுவில், உங்கள் கைக்கு வயதாகிவிட்டது செல்லமுத்து என்று சொன்னாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். கைக்கு வயசானாப் பரவால்ல, கண்ணுக்கு ஆகாம இருந்தாச் சரி என்று இன்னொருத்தன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். செல்லமுத்து டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"அதுக்கப்பறம் டெய்லி காலைல வந்ததும் போனட் மேல ரெண்டு கையையும் நீட்டி வெச்சுப் பாப்பாரு, பாப்பா. நடுங்குதா நடுங்கலயான்னு. நான் பாக்கறது தெரிஞ்சா துண்டை எடுத்துத் தொடைக்கற மாதிரி பண்ணுவாரு."

"நடுங்குச்சுங்களாண்ணா?"

"ஒரு நாளும் இல்ல."

தனப்பிரியா சாவியைத் திருப்பினாள். வண்டி உடனே எடுத்துக்கொண்டது. பின்னால் புகை கறுப்பாக வந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றது. கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் சொருகினாள். ஆக்சிஜன் சென்சார், வோல்டேஜ் குறைவு என்றது.

சைலன்சர் குழாயின் தலைப்பக்கத்தில், இன்ஜினை ஒட்டி, கட்டை விரல் கனத்தில் ஒரு சாமான் திருகியிருக்கும். அதுதான் ஆக்சிஜன் சென்சார். எரிந்து வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அது மோந்து பார்த்துச் சொல்லும். பெட்ரோல் அதிகம் என்றால் வோல்டேஜ் ஏறும், குறைவு என்றால் இறங்கும். நல்ல வண்டியில் அது ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமே ஒரு வோல்ட்டுக்குள். இந்த வண்டியில் அது அடியிலேயே படுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை என்று நம்பி வண்டியின் கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றியது. அதனால்தான் கறுப்புப் புகை. அதனால்தான் பதினான்கு கொடுத்த மைலேஜ் ஒன்பதுக்கு வந்திருந்தது.

கோளாறு நான்கு இடத்தில்தான் இருக்க முடியும். சென்சார். அதற்குப் போகும் ஒயர். ஒயர் முடியும் கம்ப்யூட்டர். அல்லது சைலன்சர் குழாயில் எங்காவது விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே புகுவது. அவள் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். சோப்புத் தண்ணீர் தெளித்தாள், குமிழி வரவில்லை. சென்சாரின் கனெக்டரைக் கழற்றிக் கம்ப்யூட்டர் பக்கத்தை அளந்தாள், புள்ளி நாலு ஐந்து வோல்ட், சரியாக இருந்தது. ஒயரை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளந்தாள், அறுபடவில்லை. பாடியில் எங்கும் உரசவில்லை. சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட்டும் எர்த்தும் ஒழுங்காக வந்தன.

மதியம் ஆகிவிட்டது. குறிப்பெழுதக் காகிதம் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தபோது ஓர் அட்டை கிடைத்தது. சென்சார் வந்த டப்பாவைக் கிழித்த அட்டை. செல்லமுத்துவின் சாய்ந்த எழுத்து.

குழாய் சோப்பு போட்டாச்சு, லீக் இல்லை. கம்ப்யூட்டர் 0.45 சரி. ஒயர் சரி. ஹீட்டர் 12.4 சரி. எர்த் சரி.

காலையிலிருந்து அவள் செய்ததெல்லாம் அதே வரிசையில் இருந்தது. ஒன்றுகூட விடவில்லை. அளவுகூட மாறவில்லை. கைநடுங்கி எழுதிய எழுத்துமில்லை அது. கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது.

ஜாயின்ட் - பிரியாகிட்டக் கேட்டாச்சு. சரி.

அவள் அட்டையை மேஜை மேல் வைத்தாள். அந்தப் போன் ஞாபகம் இருந்தது. அவர் சாவதற்கு மூன்று வாரம் முன்பு. அவள் டூட்டியில் இருந்தாள், ஆடிட் நடந்துகொண்டிருந்தது. சாமி, ரெண்டாவது சென்சாரும் போயிருச்சு, ஜாயின்ட்ல ஏதாச்சும் இருக்குமா என்று கேட்டார். ஜாயின்ட்டில் ஒன்றும் இருக்காது, வேறு இடத்தில் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். முப்பது விநாடிகூட ஆகியிருக்காது.

ஒயரை ஒயரோடு சேர்க்கும் அந்த ஜாயின்ட் அவள் சொல்லிக் கொடுத்தது. டிப்ளமா இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு லீவில் பட்டறைக்கு வந்தவள், அவர் ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதைப் பார்த்துவிட்டாள். லாரிக்கு இது போதும், சென்சார் ஒயரில் வருவது மில்லி வோல்ட், முறுக்கில் பாதி செத்துவிடும், ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும் என்றாள். படிப்பு கொடுத்த வேகத்தில் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள். அவர் மறுவாரமே நாமக்கல் போய் சால்டரிங் அயன் வாங்கி வந்தார். கெட்டுப்போன ஒயர்த் துண்டுகளில் ஒரு மாதம் பழகினார். ஈயம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், மங்கினால் தப்பு என்று அவள் சொன்னதற்காக, பற்றவைத்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றிலிருந்து சென்சார் ஒயரில் அவர் டேப் சுற்றியதில்லை.

பட்டறையில் அதற்குப் பாப்பா ஜாயின்ட் என்று பெயர் வைத்திருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. வேல்முருகன் சொன்னார். சாதா முறுக்குப் போதுமா, பாப்பா ஜாயின்ட் போடட்டுமா என்று வண்டிக்காரர்களிடமே கேட்பாராம். போன பொங்கலுக்கு அவள் ஓசூரிலிருந்து உள்ளே பசை தடவிய பிளாஸ்டிக் ஸ்லீவ் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். ஜாயின்ட் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி, பசை உருகி, சொட்டுத் தண்ணீர் புகாது. விலை அதிகம் என்பதால் சென்சாருக்குத் தவிர வேறு எதற்கும் அவர் அதைத் தொட்டதில்லை என்றும் வேல்முருகன் சொன்னார்.

சனிக்கிழமை அதற்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. மிச்சம் இருப்பது சென்சார் மட்டும். ஆனால் வாங்கிய மூன்று சென்சாரும் அடுத்தடுத்துக் கெட்டுப்போகும் என்பதை நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் டிக்கி ஞாபகம் வந்தது. திறந்தாள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் மூன்று பொட்டலங்கள். அப்புசாமி ஒன்றையும் பிரித்தே பார்க்கவில்லை. செய்தித்தாளின் மேல் செல்லமுத்து தேதி எழுதியிருந்தார். முதல் பொட்டலத்தில் வண்டியோடு வந்த சென்சார், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்தது. மற்ற இரண்டிலும் அவர் வாங்கிப் போட்டுக் கழற்றியவை. கம்பெனி சென்சார் கனெக்டரோடு வரும், விலை இரண்டு மடங்கு. கடையில் கிடைப்பது வெறும் ஒயரோடு வரும். பழைய கனெக்டரை வெட்டி எடுத்து இதன் ஒயரோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் ஜாயின்ட்டுக்கு ஒரு விரல்கடை முன்னால் வெட்டி, சென்சாரைக் கழற்றியிருந்தார்.

முதல் சென்சாரின் ஹீட்டர் அறுந்திருந்தது. அவர் முதலில் சொன்ன கோளாறு சரி. மற்ற இரண்டை அவள் ஒவ்வொன்றாகக் குறட்டில் பிடித்து, ஒயரில் மீட்டரை மாட்டி, முனையை கேஸ் டார்ச்சின் நெருப்பில் காட்டினாள். முனை சிவந்தது. புள்ளி எட்டு. நெருப்பை விலக்கினாள், இறங்கியது. மறுபடி காட்டினாள், ஏறியது. இரண்டாவதும் அப்படியே.

"என்ன பாப்பா?" என்றார் வேல்முருகன்.

"ரெண்டும் நல்லா இருக்குதுங்கண்ணா."

"அப்பறம் எப்புடி வண்டில வேலை செய்யல?"

அவளுக்குத் தெரியவில்லை. வண்டியில் மாட்டினால் பத்துப் பதினைந்து நாளில் சாகிறது, கழற்றினால் பிழைத்துக்கொள்கிறது. அவள் இன்ஜினைச் சூடேற்றினாள். வண்டியில் இருக்கும் மூன்றாவது சென்சாரின் வோல்டேஜ் வழக்கம்போல அடியில் கிடந்தது. குனிந்து, அப்பா வைத்த நான்கு ஜாயின்ட்டையும் பார்த்தாள். ஒயரோடு ஒயராக வழுவழுவென்று, கறுப்பு ஸ்லீவின் இரு முனையிலும் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி நின்றது. தொழிற்சாலையில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் செய்வதில்லை. அளந்தாள். தடை பூஜ்யம். மின்சாரத்துக்கு அங்கே ஒரு தடங்கலும் இல்லை.

சென்சாரை நேராக அளக்க வேண்டுமானால் ஒயரை வெட்ட வேண்டும். ஜாயின்ட்டுக்கு முன்னால் நான்கையும் வெட்டினாள். சென்சார் பக்கத்து ஒயர் முனையில் மீட்டரை மாட்டினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் புள்ளி ஒன்றில் நின்றது. வெட்டியதைத் தவிர, கழற்றவில்லை, தட்டவில்லை, ஒன்றையும் தொடவில்லை. இரண்டு நிமிடத்தில் புள்ளி மூன்று. பிறகு புள்ளி ஐந்து. ஐந்தாவது நிமிடம் புள்ளி எட்டில் போய் நின்றது.

அவள் இன்ஜினை அணைத்தாள்.

அலமாரியில் சென்சார் வந்த டப்பா ஒன்று முழுசாக இருந்தது. அடியில் மடித்த தாள். மடிப்புக் கலையவில்லை. எறும்பு எழுத்தில் எட்டு மொழியில் எழுதியிருந்தது, தமிழ் இல்லை. ஆனால் நடுவில் படம் போட்டிருந்தது. ஒரு சால்டரிங் அயன், அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் குழல் மாதிரி ஒரு கிளிப்பில் ஒயரை நசுக்கி இணைக்கும் படம், அதற்குச் சரி என்று ஒரு டிக்.

புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சென்சார் சும்மா சொல்லிவிடாது. ஒத்துப் பார்க்க வெளிக்காற்று வேண்டும். சில சென்சாருக்கு அந்தக் காற்று புக மேல்கூட்டிலேயே துளை இருக்கும். இதற்குத் துளை இல்லை. ஒயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளின் இடைவெளி வழியாகத்தான் காற்று ஊர்ந்து போக வேண்டும். ஈயம் உருகி அந்த இடைவெளியில் இறங்கிவிட்டது. பொங்கல் வரை சாதா ஸ்லீவில் மிச்சம் மீதி இருந்த சந்து வழியாகக் காற்றுப் போய்க்கொண்டிருந்தது, இப்போது அந்தச் சந்தையும் பசை அடைத்துவிட்டது. உள்ளே சிக்கிய காற்று தீரும்வரை, பத்துப் பதினைந்து நாள், சென்சார் ஓடியது. பிறகு பொய் சொல்ல ஆரம்பித்தது.

முறுக்கி டேப் சுற்றியிருந்தால் ஓடியிருக்கும். வேலை தெரியாத யாரோ ஒருத்தன் அரைகுறையாகப் பற்றவைத்திருந்தால்கூட ஓடியிருக்கும். ஜாயின்ட் இவ்வளவு நன்றாக இருந்ததுதான் கோளாறு.

ஜாயின்ட்டில் ஏதாவது இருக்குமா என்று அவர் கேட்டார். சரியான இடத்தில்தான் கை வைத்துக் கேட்டார். அவள் டப்பாவில் இருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் போய்க் கார் சீட்டில் உட்கார்ந்தாள். பட்டறை மூலையில் கிடக்கும் பழைய கார் சீட் அது. மதியம் இருபது நிமிடம் செல்லமுத்து அதில்தான் தூங்குவார். நெகிழ்ந்த ரெக்சினில் தோள் வைக்கும் இடம் மட்டும் பள்ளமாக இருந்தது. வேல்முருகன் என்னவென்று கேட்டார். சொன்னாள். அவர் தாளை வாங்கிப் படத்தைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மேஜை மேல் வைத்தார்.

"இதை அப்புசாமிகிட்டச் சொல்லாத, பாப்பா. கம்ப்யூட்டருக்குப் போற ஒயர் எலி கடிச்சிருந்துதுன்னு சொல்லு. பண்ணைல எலிக்கா பஞ்சம்? நம்பிக்குவான். செத்த மனுசன் பேரை ரோட்ல இழுக்காத."

எலி கடித்தது என்றால் எல்லாம் முடிந்துவிடும். அப்பாவின் கை தப்பவில்லை. அவள் சொன்னதும் தப்பில்லை என்றாகிவிடும்.  பையிலிருந்து கிளிப்புகளையும் நசுக்கும் குறட்டையும் எடுத்து, நான்கு ஒயரையும் ஈயம் இல்லாமல் இணைத்தாள். பசையில்லாத சாதா ஸ்லீவ் மாட்டினாள். பைபாஸில் ஏறி ஆண்டகளூர் கேட் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். ஸ்கேனர் திரையில் வோல்டேஜ் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒன்றிலும் நிற்கவில்லை. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. புகையில் கறுப்பு இல்லை. இந்த ஓட்டத்தைப் பார்க்க அப்பா இருந்திருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு அப்புசாமி மகனோடு பைக்கில் வந்து இறங்கினார். இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். முன்னால் வந்து விளக்கைப் பார்த்தார். திருப்திதான். என்ன கோளாறு என்று கேட்டார். வேல்முருகன் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெட்டி எடுத்த ஜாயின்ட் நான்கையும் அவள் ஏற்கெனவே செய்தித்தாளில் பொட்டலம் கட்டியிருந்தாள். பிரித்துக் காட்டினாள்.

"இதுதானுங்க மாமா. இங்க ஈயம் வெச்சது தப்பு. இந்த ஒயர் வழியாத்தான் சென்சாருக்குக் காத்துப் போகோணும். அடைச்சுப் போச்சு."

அப்புசாமி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செல்லமுத்து பிடிப்பது மாதிரியே.

"இவ்வளவு அருமையாப் பண்ணியிருக்காரு. இதுல என்ன தப்பு?"

"அப்பா மேல தப்பில்லீங்க. ஈயம் வெக்கச் சொன்னது நான். ஸ்லீவும் நான் வாங்கிக் குடுத்ததுதான். சந்தேகம் வந்து எங்கிட்டக் கேட்டாரு. அதுல ஒண்ணுமில்லைன்னு சொல்லீட்டன். அவரு கை நல்லாத்தானுங்க இருந்துச்சு."

அப்புசாமி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வேல்முருகன் பக்கம் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"புள்ளைன்னா இப்படித்தான் இருக்கோணும். அப்பன் பண்ணுனதைத் தன் தலைல எடுத்துப் போட்டுக்கறே பாரு. செல்லமுத்து குடுத்து வெச்சவரு, அம்மிணி."

அவள் மறுபடியும் சொன்னாள். தாளை எடுத்துப் படத்தைக் காட்டினாள். போன் வந்த தேதியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் இன்னும் இரக்கமாகப் பார்த்தார். விடுங்கள், எல்லாம் புரிகிறது, இனி அதைப் பேசக்கூடாது, டீக்கடையில் நான் அப்படிச் சொன்னது தப்புத்தான் என்றார். வயதானால் யாருக்கும் கை தவறுவதுதானே என்றும் சொன்னார். பொட்டலத்தை வாங்கி, பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துப் போனார்.

வேல்முருகன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். அவரும் அப்பனுக்காகப் பேசுகிறாள் என்றுதான் நினைக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

மேஜை இழுப்பறையில் பொங்கலுக்கு வாங்கி வந்த ஸ்லீவ் பாக்கெட் இருந்தது. மேலே நூறு என்று அச்சடித்திருந்தது. மிச்சத்தை மேஜையில் கொட்டி எண்ணினாள். எழுபத்திரண்டு. இருபத்தெட்டு போயிருக்கிறது. ஒரு சென்சாருக்கு நான்கு ஒயர், ஏழு சென்சார். அப்புசாமி வண்டிக்கு மட்டும் மூன்று. மிச்சம் நான்கு வண்டி. யார் யாருடையது என்று வேல்முருகனிடம் கேட்டாள். ஆட்டையாம்பட்டி ஜெயபிரகாஷ் வண்டி ஒன்று ஞாபகம் இருந்தது அவருக்கு. தறி வைத்திருக்கிறவர், நீலக் கார். மற்ற மூன்றும் ரோட்டில் போகிறபோது நின்று செய்துகொண்டு போனவை. பேர் தெரியாது.

ஜெயபிரகாஷுக்குப் போன் செய்தாள். விளக்கு எரிகிறதா என்று கேட்டாள். இரண்டு மாதமாக எரிகிறதாம். அப்பா இறந்தது அவருக்குத் தெரியாது. செல்லமுத்து அண்ணன் போட்ட வேலை, அதில் ஒன்றும் இருக்காது, வேறு ஏதோ என்று அவரும் விட்டுவிட்டாராம். அவள் நாளைக் காலை வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு ஓசூருக்குப் பேசி ஒரு நாள் லீவைக் கூட்டிக்கொண்டாள். அம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்கும் பட்டறை திறக்கிறது என்றாள். 

மறுநாள் ஒன்பது மணிக்கு நீலக் கார் வந்தது. ஜெயபிரகாஷ் இறங்கி, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவள் போனட்டைத் திறந்தாள். இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைத் தடவிக்கொண்டு போனாள். விரலுக்கு நான்கு வழுவழுப்பான மேடு தட்டுப்பட்டது, எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி. வெட்டினாள். ஒன்றை எடுத்து ஸ்லீவைப் பிளேடால் கீறிப் பிரித்தாள். ஈயம் மின்னியது. மங்கவே இல்லை.

நான்கையும் செய்தித்தாளில் வைத்துச் சுற்றினாள். மேலே தேதி எழுதி ஜெயபிரகாஷ் கையில் கொடுத்தாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவர் கேட்டார். அவள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இன்னும் மூன்று வண்டி எங்கேயோ கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.